இருநூறு குரோனரில் இருப்பவர்

(ஸ்வீடன். ஃபோரோ தீவுக்குப் படகு புறப்படும் துறை. கார் வரிசையின் முன்னால், தீவைச் சேர்ந்த வயதான தம்பதி. பின் இருக்கையில் மளிகைப் பை. அதற்குள் ஐஸ்கிரீம் டப்பா. கணவர் வாரத்துக்கு இருபது சொற்களுக்கு மேல் செலவிடாதவர் என்று ஊரில் பேர்.)

மனைவி: கடையில் கொடுத்த மீதியில் சினிமா இயக்குநர் இங்மர் பெர்க்மனின் முகம் போட்ட இருநூறு குரோனர் தாள் ஒன்று இருக்கிறது, பாருங்கள். அவர் சம்பந்தப்பட்டவற்றில் எனக்கு முழுதாகப் புரிந்தது இது ஒன்றுதான்.

கணவர்: நம் தீவிலேயே வாழ்ந்து, 2007-இல் நம் தீவிலேயே கண்மூடிய மனிதரை இப்படிப் பேசலாமா? 'பெர்சோனா'வை நான் ஏழு முறை பார்த்திருக்கிறேன்.

மனைவி: பேச்சையே நிறுத்திவிட்ட நடிகை ஒருத்தி கல்லாக உட்கார்ந்திருக்க, அவளைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸ் தன் கதை முழுவதையும் கொட்டித் தீர்க்கும் படம்தானே? அதைத்தான் நாற்பது ஆண்டுகளாக நம் சமையலறையில் டிக்கெட் இல்லாமல் நான் நடத்தி வருகிறேன். ஒருநாளாவது கைதட்டினீர்களா?

கணவர்: சரி, உனக்குப் பிடித்தது எது?

மனைவி: 1951-இல் படப்பிடிப்புகள் நின்றுபோய்க் கையில் வருமானம் இல்லாதபோது 'பிரிஸ்' சோப்புக்காக அவர் எடுத்த ஒன்பது விளம்பரப் படங்கள். வியர்வை நாற்றம் என்றொரு துன்பம் வருகிறது, சோப்பு வருகிறது, துன்பம் தீர்கிறது. 1963-இல் வெளிவந்த 'குளிர்கால ஒளி'யிலும் யாராவது அந்தப் பாதிரியார் கையில் ஒரு சோப்பைக் கொடுத்திருந்தால், கடவுள் ஏன் பேசவில்லை என்று அவர் அவ்வளவு நேரம் தவித்திருக்க மாட்டார்.

கணவர்: மரணத்தோடு சதுரங்கம் ஆடும் 'ஏழாவது முத்திரை'யையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவாயா?

மனைவி: சதுரங்கத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கூத்தாடி ஒருவன் மரத்தின் மேல் ஒளிந்திருக்கிறான்; மரணம் ரம்பத்தை எடுத்து, விறகுக்காரனைப் போல நிதானமாக அடிமரத்தை அறுக்கிறது; அவனோ, எனக்கு நாடகம் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது என்று மேலிருந்து மன்றாடுகிறான். அந்த இடத்துக்காக நான் முழுப் படத்தையும் மன்னிப்பேன். இப்படிச் சிரிக்கவைக்கத் தெரிந்தவர், 'ஒரு கோடை இரவின் புன்னகைகள்' படத்துக்குக் கான் விழாவில் நகைச்சுவைக்கென்றே பரிசு வாங்கியவர், நம் தீவுக்கு வந்ததும் ஏன் அழத் தொடங்கினார்? காற்று ஒத்துக்கொள்ளவில்லையா, நம் ஊர் ஆட்டுக்கறியா?

கணவர்: வந்த கதையே உனக்குத் தெரியாது. 1961-இல் வெளிவந்த 'கண்ணாடியில் மங்கலாக' படத்துக்கு அவர் ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவுகளைத்தான் கேட்டார். செலவுக்கு அஞ்சிய தயாரிப்பாளர்கள், முதலில் ஃபோரோவைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். கல்லும் கடலும் காற்றில் வளைந்த மரமும் தவிர வேறொன்றும் இல்லாத நம் கரையில் நின்றதுமே, இதுதான் தன் இடம் என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. சுற்றிலும் ஒன்றும் இல்லாதபோதுதான் மனித முகம் தெரியும். அதனால்தான் அவருடைய ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்ட்டின் கேமரா ஒரு முகத்தின் முன்னால் போய், நகரவே மனமில்லாமல் நின்றுவிடுகிறது. 'பெர்சோனா'வில் இரு பெண்களின் பாதி முகங்கள் சேர்ந்து ஒரே முகமாகும் அந்தக் கணத்தில், பேசுகிறவள் யார், கேட்கிறவள் யார் என்பதே கரைந்துபோகிறது அல்லவா? 1982-இல் வந்த 'ஃபேனியும் அலெக்சாண்டரும்' படத்தைக்கூட, மூன்று மணி நேரத்துக்கு வெட்டியதை அல்ல, ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஓடும் தொலைக்காட்சி வடிவத்தைப் பார்த்தால்தான்... என்ன, வாயே திறக்காமல் இருக்கிறாய்?

மனைவி: நீங்கள் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை, குறுக்கிட மனம் வரவில்லை.

கணவர்: படகு எங்கே?

மனைவி: நிக்விஸ்ட்டின் கேமரா நின்றபோது வந்தது, இரண்டு முகங்களும் ஒன்றானபோது போய்விட்டது. பின்னால் ஒலியெழுப்பிக்கொண்டிருந்த கார்களும் நம்மைச் சுற்றிக்கொண்டு அதில் ஏறிவிட்டன.

கணவர்: ...

மனைவி: மறுபடியும் தொடங்கிவிட்டீர்களா? அந்தப் பையை இப்படி எடுங்கள். ஐஸ்கிரீமைக் குடித்துவிடலாம்.