மேடையேறத் தகுதி இருந்தது, தன் வாழ்க்கையை நடத்த மட்டும் இல்லையாம்

அமெரிக்கப் பாப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் வீட்டில் ஆடி இன்ஸ்டாகிராமில் ஒரு வீடியோ போட்டால் போதும், "இந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு, கூட இருந்து பார்த்துக்க யாருமே இல்லையா" என்று கீழே வரிசை கட்டி வந்துவிடுகிறார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 13 வருடம் அவரைக் கூட இருந்து "பார்த்துக்கொண்ட" கதை தெரிந்திருந்தால் அப்படி எழுத மனசு வராது.

லூசியானாவில் கென்ட்வுட் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். 11 வயதில் டிஸ்னியின் 'மிக்கி மவுஸ் கிளப்' நிகழ்ச்சிக்குத் தேர்வானார். 16 வயதில் ஸ்டாக்ஹோம் போய், டிஎல்சி என்ற பாப் குழு வேண்டாம் என்று ஒதுக்கிய, ஸ்வீடன்காரர் மேக்ஸ் மார்ட்டின் எழுதிய பாட்டு ஒன்றைப் பாடினார். அதுதான் 'பேபி ஒன் மோர் டைம்'. 1999 ஜனவரியில் பாட்டும் ஆல்பமும் ஒரே நேரத்தில் அமெரிக்கப் பட்டியல்களில் முதலிடத்தில் இருந்தன. அவருக்குப் பாடத் தெரியாது, எல்லாம் மெஷின் வேலை என்று சொல்பவர்கள் அந்தப் பாட்டின் முதல் வரியை மட்டும் கேளுங்கள். தொண்டையின் அடியிலிருந்து கரகரவென்று இழுத்து வரும் அந்தக் குரல் யாருடையது என்று இரண்டு நொடியில் தெரிந்துவிடும். உச்சஸ்தாயியில் நின்று காட்டுவது மட்டுமா பாடகரின் அடையாளம்?

அந்த வயதுப் பெண்ணிடம் தொலைக்காட்சியில் உட்கார்ந்துகொண்டு அவர் மார்பைப் பற்றியும் கன்னித்தன்மையைப் பற்றியும் கேட்டார்கள். ஜஸ்டின் டிம்பர்லேக்குடனான காதல் முறிந்தபோது பழி முழுக்க இவர் தலையில் விழுந்தது. ஜஸ்டின் மன்னிப்புக் கேட்டது 2021 பிப்ரவரியில்தான். இடையில் திருமணம், இரண்டு குழந்தைகள், விவாகரத்து, குழந்தைகள் யாரிடம் இருப்பது என்ற வழக்கு. காரை விட்டு இறங்க முடியாத அளவுக்குச் சுற்றிலும் கேமராக்கள். 2007 பிப்ரவரியில் அவர் தலையை மொட்டையடித்துக்கொண்ட படம் எல்லோருக்கும் தெரியும்.

அதே 2007 அக்டோபரில் வந்த 'பிளாக்கவுட்' ஆல்பத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர் என்று அதில் போட்டிருப்பது பிரிட்னியின் பெயர். என்னைக் கேட்டால் அவருடைய ஆகச்சிறந்த ஆல்பம் அதுதான். இருண்ட, உலோகச் சத்தம் போன்ற பீட், அதற்குள் வெட்டி ஒட்டிய அவர் குரல், தன்னைத் துரத்தும் பத்திரிகைகளைப் பார்த்து நேருக்கு நேர் பாடிய ஒரு பாட்டு. புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரே சொன்ன வருடத்தில் அவர் செய்த வேலை இது.

2008 பிப்ரவரியில் கலிஃபோர்னியா நீதிமன்றம் அவரை கன்சர்வேட்டர்ஷிப்பின் கீழ் வைத்தது. மறதி நோய் முற்றிய பெரியவர்கள் போல, சொந்தமாக எதையும் பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்கு அங்கே இருக்கும் சட்ட ஏற்பாடு அது. இவருக்கு அப்போது 26 வயது. பணம், மருத்துவம், வீட்டுக்குள் யார் வரலாம் என்பது வரை முடிவெடுக்கும் அதிகாரம் அப்பா ஜேமியிடமும் நீதிமன்றம் நியமித்த ஆட்களிடமும் போனது. தனக்கு வேண்டிய வக்கீலை வைத்துக்கொள்ளக்கூட அவருக்குத் திராணி இல்லை என்றார்கள். நீதிமன்றமே ஒருவரை நியமித்தது. அவருக்கான கட்டணமும் இவர் பணம், அப்பா தரப்பு வக்கீல்களின் கட்டணமும் இவர் பணம்.

இப்போது இந்த இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2008 அக்டோபர் 25 தேதியிட்ட பில்போர்டு என்ற அமெரிக்கப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் அவருடைய 'உமனைசர்' பாட்டு 96ஆம் இடத்திலிருந்து ஒரே தாவலில் முதலிடம். அக்டோபர் 28ஆம் தேதி நீதிமன்றம் அந்தத் தற்காலிக ஏற்பாட்டை நிரந்தரமாக்கியது. நாட்டின் நம்பர் ஒன் பாட்டுக்குச் சொந்தக்காரர், அதே வாரம் தன் செலவுக்குக் காசு எடுக்க லாயக்கற்றவர். அப்புறம் ஆல்பங்கள், உலகச் சுற்றுப்பயணம், 'எக்ஸ் ஃபேக்டர்' என்ற டிவி பாட்டுப் போட்டியில் நடுவர் நாற்காலி. 2013 முதல் 2017 வரை லாஸ் வேகாஸில் நான்கு வருட ஷோ.

அப்பா மட்டும் இல்லையென்றால் சொத்தெல்லாம் போயிருக்கும், ஆளே இருந்திருக்க மாட்டார் என்று ஒரு வாதம் உண்டு. சரி, 2008ன் முதல் சில மாதங்களில் அவருக்கு உதவி தேவைப்பட்டிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. அந்த உதவி ஏன் 13 வருடம் நீண்டது என்பதுதான் கேள்வி. அவர் உழைக்க உழைக்க அப்பாவுக்குச் சம்பளம், வேகாஸ் வசூலில் பங்கு, வக்கீல்களுக்குக் கட்டணம். இவர் குணமாகிவிட்டார் என்று சொன்னால் யாருக்கெல்லாம் வருமானம் நிற்குமோ, அவர்களிடமே "இவர் குணமாகிவிட்டாரா?" என்று நீதிமன்றம் கேட்டுக்கொண்டிருந்தது.

2021 ஜூன் 23. நீதிமன்ற விசாரணையில் பிரிட்னி நேரில் வராமல் தொலைவிலிருந்தே பேசினார். வாயைத் திறந்தவர் இருபது நிமிடத்துக்கு மேல் நிறுத்தவில்லை. குறிப்பெடுப்பவரால் பின்தொடர முடியாத வேகம், கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் என்று நீதிபதி பிரெண்டா பென்னி கேட்க வேண்டியிருந்தது. லித்தியம் என்ற மனநல மருந்தைக் கொடுத்தது, இன்னொரு குழந்தை பெற ஆசைப்பட்டும் கருத்தடைச் சாதனத்தை எடுக்கவிடாதது எல்லாம் தலைப்புச் செய்தியானது. என்னை உலுக்கியது வேறு. அடுத்த வேகாஸ் ஷோவுக்கான ஒத்திகையில் ஒரே ஒரு நடன அசைவை "இதை நான் செய்யமாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். எங்கோ வெடிகுண்டு வைத்துவிட்டதைப் போல நடந்துகொண்டார்கள் என்கிறார். மருந்து உட்கொள்வதில்லை, ஒத்துழைப்பதில்லை என்று புகார் போனதாம், அதிலிருந்துதான் புது மருந்தும் சிகிச்சை இல்லமும். அதே ஒத்திகையில் தன் டான்ஸர்களுக்குப் புது நடனத்தைத் தானே சொல்லிக்கொடுத்ததையும் சொன்னார். ஒரு குழுவுக்கே ஆடக் கற்றுக்கொடுக்கிற மனுஷிக்கு, ஒரு அசைவை வேண்டாம் என்று சொல்ல உரிமை இல்லை. இந்த ஏற்பாட்டை முடிக்கச் சொல்லித் தானே மனுப்போடலாம் என்பதே தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். 13 வருடத்தில் யாருமே சொல்லவில்லையா?

செப்டம்பரில் ஜேமி அந்தப் பொறுப்பிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். நவம்பர் 12ஆம் தேதி எல்லாம் முடிவுக்கு வந்தது. 2023இல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். இசைத்துறைக்கு இனி திரும்பவே மாட்டேன் என்று 2024 தொடக்கத்தில் அறிவித்தார். ரசிகனாக எனக்கு அது வலிக்கிறது. ஆனால் ஒத்திகையில் சொல்ல விடாத "மாட்டேன்"ஐ இப்போது சொல்கிறார், அதை மதிக்காமல் "எப்போ திரும்பி வருவீங்க" என்று நச்சரிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.

அந்த வீடியோக்களில் அவர் ஆடுவது எனக்கும் சில நேரம் புரிவதில்லை. அவர் முழுக்க நன்றாக இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. விவாகரத்தான, தூக்கம் கெட்ட, கண்டபடி செலவு செய்கிற எத்தனையோ பேர் நடுவில்தான் நாம் வாழ்கிறோம். அவர்களுடைய சாவியை யாரும் பிடுங்கிக்கொள்வதில்லை. பிரிட்னி மட்டும் அதை வைத்துக்கொள்ள, தான் நன்றாக இருப்பதாக ஒவ்வொரு வீடியோவிலும் நம்மிடம் ஏன் நிரூபிக்க வேண்டும்?