ஜிஎஸ்எம் தடிமனைக் குறிப்பதல்ல
"300 ஜிஎஸ்எம் என்றால் 300 மைக்ரான் தடிமன், குறைந்தால் கடைக்காரர் ஏமாற்றுகிறார்" என்று தாள் வாங்குவது பற்றி ஒருவர் எழுதியிருப்பது தவறு. ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடையைக் கிராமில் சொல்வது. ஏ4 தாளின் பரப்பு அதில் பதினாறில் ஒரு பங்கு என்பதால் 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 5 கிராம், 500 தாள் கொண்ட ரீம் இரண்டரைக் கிலோ. தடிமனுக்குத் தனிக் கருவி உண்டு. பெங்களூரு சுல்தான்பேட்டையில் அழைப்பிதழ் அச்சிடக் கொடுப்பவர்கள், 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டையும் (பூச்சிட்ட வழவழப்பான அட்டை) அதே எடையுள்ள ஃபோல்டிங் பாக்ஸ் போர்டையும் (மடித்துப் பெட்டி செய்யும் பல அடுக்கு அட்டை) விரலிடுக்கில் வைத்துப் பார்க்கட்டும்: கனமான பூச்சும் உருளைகளின் அழுத்தமும் முன்னதை மெலிதாக்குகின்றன, நடு அடுக்கில் இயந்திரக் கூழ் (மரத்தை அரைத்து எடுப்பது) நிரம்பிய பின்னதோ பருத்து விறைப்பாக நிற்கிறது. கடைக்காரர்கள் 'பல்க்' என்பது (அவர்கள் மேல் பழி போடுமுன் கேட்டிருக்கலாம்) இந்த வேறுபாட்டைத்தான்.