சராசரிக்குத் தூக்கம் கலைவதில்லை

விமானச் சத்தத்தைப் பற்றி வாயைத் திறந்தாலே இரண்டு கேள்விகள் பாய்ந்து வருகின்றன. "விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு எடுக்கச் சொன்னது யார்?" என்பது ஒன்று. "அந்த விமானத்தில்தானே உன் மச்சான் துபாயிலிருந்து வருகிறான்?" என்பது மற்றொன்று. இரண்டாவதில் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதல் கேள்விதான் எரிச்சலூட்டுகிறது.

நான் இருப்பது திருவனந்தபுரம் வள்ளக்கடவில், வாடகை வீட்டில். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். பிழைக்க வந்தவன் என்பதால் என்னிடம் அப்படிக் கேட்கலாம். வலியதுறை, பீமாபள்ளி, பூந்துறைக் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாக வலை இழுக்கிறவர்களிடம் எப்படிக் கேட்பது? இங்கே விமானத் தளம் வந்தது 1932-ல், திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில். எங்கள் குமரியும் அப்போது அதே சமஸ்தானத்தில்தான் இருந்தது. வலியதுறை அதற்கு வெகுகாலம் முன்பே கப்பல் கண்ட துறை. இந்தக் கரையில் பின்னால் வந்து குடியேறியது விமானம்தான்.

இடத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் சத்தம் புரியும். இங்குள்ள ஓடுபாதை சுமார் 3,400 மீட்டர் நீளம். ஏறக்குறையக் கடற்கரைக்கு இணையாகத் தென்கிழக்கிலிருந்து வடமேற்காகக் கிடக்கிறது. தென்கிழக்கிலிருந்து இறங்கும் விமானம் கரையோரக் குடியிருப்புகளின் மேலாகத் தாழ்ந்து வர வேண்டும். வழக்கமான மூன்று டிகிரிச் சரிவில் இறங்கினால், ஓடுபாதை முனைக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் அது தரையிலிருந்து சுமார் 170 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். ஊரிலிருந்து வந்த என் அம்மா முதல் இரவே எழுந்து உட்கார்ந்து, "மக்களே, நம் கூரையிலேயே இறங்குகிறதா?" என்று கேட்டார். மறுநாள் மத்தியானமே பஸ் ஏறிவிட்டார்.

இறங்கும்போது கேட்பதெல்லாம் எஞ்சின் சத்தம் என்று பலரும் நினைக்கிறோம். ஏறும்போது அது சரி. இறங்கும்போது எஞ்சின் தணிந்திருக்கும். விரித்த இறக்கை மடல்களிலும் நீட்டிய சக்கரங்களிலும் காற்று மோதிக் கிழிபடும் ஓசை பெரும்பங்கு. ஏ320 வகை விமானங்களில் பழையவை சில, கீழே வரும்போது ஊளையிடுவதுபோல் ஒரு ஒலி எழுப்பும். இறக்கையின் அடிப்புறத்தில் எரிபொருள் தொட்டிக்காக விட்டிருக்கும் வட்டத் துளைகளின் மேல் காற்று உரசுவதால் வருவது அது. ஒரு சின்னத் தகட்டைத் துளைக்கு முன்னால் பொருத்தினால் ஊளை அடங்கிவிடும்; ஜெர்மனியின் லுஃப்தான்சா விமான நிறுவனம் 2014-லேயே அதைச் செய்யத் தொடங்கியது. இத்தனை எளிய மருந்துகளும் இந்த நோய்க்கு உண்டு என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி சட்டம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் அனுமதி. இரவு பத்து மணிக்குக் கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்வது இந்த விதிகள்தான். விமான நிலையச் சுற்றுப்புறத்துக்கு 2018-ல் தனி வரம்பு வந்தது. ஆண்டுக்கு 50,000 முறைக்கு மேல் விமானங்கள் வந்துபோகும் நிலையம் என்றால் பகலில் 70, இரவில் 65. மற்றவற்றுக்குப் பகலில் 65, இரவில் 60. திருவனந்தபுரம் இரண்டாவது வகை. உலகச் சுகாதார நிறுவனம் அதே 2018-ல் ஐரோப்பாவுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல், விமானத்தின் இரவு ஒலி 40-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அறுபது எங்கே, நாற்பது எங்கே!

இந்த 60-ஐக்கூட நான் பெரிதாகக் குறை சொல்லவில்லை. அது சராசரி என்பதுதான் வம்பு. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு விமானம் உங்கள் வீட்டின் மேல் 20 விநாடி 80 டெசிபலில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆற்றலை இரவின் எட்டு மணி நேரத்துக்கும் பரப்பினால் சராசரி 48 சொச்சம். டெசிபல் கணக்கில் ஆற்றல் பத்து மடங்கானால் எண் பத்துதான் கூடும்; அப்படிப் பத்து விமானங்கள் கடந்தாலும் சுமார் 58 டெசிபல்தான். அதாவது, ஒரே இரவில் பத்து முறை குழந்தை வீறிட்டு எழுந்தாலும் வரம்பு மீறப்படவில்லை! காகிதத்தில் அந்த இரவு அமைதியான இரவு. மனிதன் சராசரியில் விழிப்பதில்லை, ஒவ்வொரு விமானத்துக்கும் விழிக்கிறான்.

ஆஸ்திரேலியாவில் இதற்கு வேறொரு அளவு வைத்திருக்கிறார்கள். ஒரு நாளில் 70 டெசிபலைத் தாண்டி எத்தனை விமானங்கள் உங்கள் தெருவைக் கடக்கின்றன என்று எண்ணிச் சொல்வது. என் வீட்டுக்கார அம்மாவுக்கு டெசிபல் சராசரி புரியாது. "இன்றிரவு ஏழு முறை" என்றால் உடனே புரியும். எனக்கு முதலில் வேண்டியது இந்த எண்ணிக்கை. அளவுக்கருவியை வைத்து, இரவுக் கணக்கைத் தனியாகப் பிரித்து, மலையாளத்திலும் தமிழிலும் ஊரார் பார்க்கும் இடத்தில் போடட்டும்.

வெளிநாட்டில் செய்வதை அப்படியே இங்கே செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட உதவித்தொகை கொடுக்கிறார்கள். இந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் ஜன்னலை மூடினால் வெந்துபோவோம். ஓட்டு வீட்டிலும் தகரக் கூரையிலும் கண்ணாடி எந்த மூலைக்கு? எனவே இங்கே தீர்வு வீட்டுக்குள் இல்லை. வானத்திலும் ஓடுபாதையிலும்தான் தேட வேண்டும்.

"விமானப் போக்குவரத்தில் கை வைக்க முடியாது" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு, அதாவது சுவாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் ஊர்வலம், ஆண்டுக்கு இருமுறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், எங்கள் வள்ளக்கடவு வழியாக வந்து அந்த ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. அன்று மாலை சுமார் ஐந்து மணி நேரம் ஓடுபாதையை மூடுகிறார்கள். முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து விமானங்களின் நேரத்தை மாற்றுகிறார்கள். யாரும் முணுமுணுப்பதில்லை. முன்னதாகத் திட்டமிட்டால் நேரத்தை நகர்த்தலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். (அன்று மாலை இந்தத் தெருவில் காக்கைக் கரைச்சல் தெளிவாகக் கேட்கும்.)

இப்போது மச்சான் கேள்விக்கு வருகிறேன். ஃபிராங்க்ஃபர்ட்டில் 2011 முதல் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணிவரை விமானங்களுக்குத் தடை. சிட்னியிலும் இரவு 11 முதல் காலை 6 வரை கட்டுப்பாடு. அதை இங்கே கேட்க எனக்கு மனம் இல்லை. துபாயில் வேலை முடித்து இரவு 10 மணிக்கு விமானம் ஏறுகிறவன் இங்கே வந்து இறங்கும்போது நம் கடிகாரத்தில் மூன்றரை ஆகியிருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் விடுப்பில் ஒரு பகலை அவனிடமிருந்து பிடுங்க நான் யார்? பூந்துறையிலும் குளச்சலிலும் அந்தப் பணத்தில் எழும்பிய வீடுகள் எத்தனை.

தடை வேண்டாம், விலை வைக்கலாம். லண்டன் ஹீத்ரோவில் இரவு விமானங்களுக்கு ஒவ்வொரு வகையின் சத்தத்துக்கும் ஏற்பப் புள்ளி உண்டு. பருவத்துக்கு இத்தனை புள்ளிதான் என்று உச்சவரம்பும் உண்டு. சத்தமான விமானம் அதிகப் புள்ளியைத் தின்றுவிடும். அப்போது நிறுவனமே தன் அமைதியான புதிய விமானத்தை இரவுக்கு அனுப்பும், இரைச்சலான பழையதைப் பகலுக்குத் தள்ளும். மச்சானும் வந்துசேர்வான், நாமும் கொஞ்சம் தூங்கலாம்.

செலவே இல்லாதவையும் உண்டு. தரை தொட்டதும் எஞ்சின் விசையை முன்னோக்கித் திருப்பி வேகத்தைக் குறைக்கிறார்களே, அந்த உறுமல்தான் வள்ளக்கடவில் எங்களை உலுக்குகிறது. ஓடுபாதை உலர்ந்து, நீளமும் போதுமானதாக இருக்கும்போது அதைக் குறைந்த அளவில் வைத்துக்கொள்ளலாம். ஜூன் மழையில் வேண்டாம். அங்கே விமானியின் முடிவே முடிவு, என் தூக்கம் அப்புறம். நிறுத்தி வைத்த விமானத்துக்கு அதன் வால்பகுதிச் சிறு எஞ்சினுக்குப் பதிலாகத் தரையிலிருந்து மின்சாரம் கொடுக்கலாம். கிளம்பும் விமானத்தைச் சீக்கிரமே கடல் பக்கம் திருப்பலாம். இறங்குவதில் அந்தச் சலுகை கிடையாது, கடைசிச் சில கிலோமீட்டர் நேர்கோட்டில்தான் வந்தாக வேண்டும். அதனால்தான் பூந்துறைக்காரர்களுக்கு முதலில் எண்ணிக்கைப் பலகையும், பிறகு புள்ளிக் கணக்கும் வேண்டும் என்கிறேன்.

இதற்கிடையில் எங்கள் பக்கம் புதிய அடுக்குமாடிகள் முளைக்கின்றன. விமான நிலையத்தைச் சுற்றிக் கட்டடத்தின் உயரத்துக்குத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். உள்ளே படுக்கப்போகிறவனுக்கு எவ்வளவு சத்தம் என்று விளம்பரத்தில் ஒரு வரிகூட இல்லை. மார்த்தாண்டத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்து வீடு பார்க்கிறவர்கள் சதுர அடி விலை, கார் நிறுத்துமிடம், கிணற்றில் உப்பு என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். பார்ப்பது எப்போதும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முன்பணம் கொடுப்பதற்கு முன் அதிகாலை மூன்று மணிக்கு ஒருமுறை வந்து மொட்டைமாடியில் நின்று பாருங்கள். தரகர் உடன் வரமாட்டார்.