பனிச்சறுக்கைக் கண்டுபிடித்தவர் சோந்ரே நோர்ஹைமா?

"பனிச்சறுக்கை 1868-இல் நார்வேயின் சோந்ரே நோர்ஹைம் கண்டுபிடித்தார்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு.

சுவீடனின் கால்வ்ட்ராஸ்கில் 1924-இல் கிடைத்த சறுக்குப் பலகைகள் 5,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை. கூடவே மண்வெட்டி முனை கொண்ட ஒரு கோலும் இருந்தது. நார்வேயின் டிகர்வார்டன் மலையில் பனி உருகி, 2014-இல் ஒன்றும் 2021-இல் அதன் ஜோடியும் வெளிப்பட்டன. வயது சுமார் 1,300. இரண்டாவது 187 செ.மீ. நீளம், 17 செ.மீ. அகலம், காலைக் கட்டும் முறுக்கிய பிர்ச் மரக் குச்சிகளும் தோல்வாரும் அப்படியே ஒட்டியிருந்தன. வேட்டைக்கும் பயணத்துக்கும் போனவர்களின் சாமான் இது, பந்தயப் பொருளல்ல.

அப்படியானால் நோர்ஹைம் செய்தது என்ன? சிறிய காரியமல்ல. பாதத்தின் முன்பகுதியை மட்டும் வாரால் கட்டிக் குதித்தால் பலகை கழன்றுபோகும். திருப்பினால் குதிகால் பக்கவாட்டில் நழுவும். முறுக்கிய மெல்லிய குச்சிகளைக் குதிகாலைச் சுற்றிக் கட்டி அவர் அதைத் தடுத்தார். குதிகால் மேலே எழும்பும், ஆனால் விலகாது. நடு ஒடுங்கிய பலகையும் அவரால்தான் பரவியது. சாய்த்தால் அதன் வளைந்த விளிம்பே வளைவில் இழுத்துச் செல்லும். 1868 என்பது அவர் கிறிஸ்டியானியா (இன்றைய ஆஸ்லோ) போட்டியில் இதையெல்லாம் காட்டி அசத்திய ஆண்டு, அவ்வளவுதான்.

அதே பதிவு, மலைச்சரிவுப் பந்தயம் 1924 ஷாமோனி ஒலிம்பிக்கிலேயே இருந்ததாகவும் சொல்கிறது. அங்கே நடந்த பனிச்சறுக்குப் போட்டிகள் நெடுந்தூர ஓட்டம், தாவல், இரண்டும் கலந்த போட்டி. சரிவுப் பந்தயம் 1936-இல்தான் சேர்ந்தது.