‘நாளைக்கும் வருவியள்லா டீச்சர்?’
பயிற்சி ஆசிரியர்களுக்கு வேலைச்சுமைதான் மிச்சம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரி, பாடக்குறிப்பு எழுதி எழுதியே விரல் வலிக்கும், உண்மைதான். ஆனால் அம்பாசமுத்திரம் பக்கம் நான் பயிற்சிக்குப் போன தொடக்கப்பள்ளியில், சிறு வகுப்புகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தர 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தின் ஆரம்ப நிலையான ‘அரும்பு’விலேயே இருந்த ஒரு பையன், எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலரையும் போல ‘வாளப்பளம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தவன், ஒருநாள் காலையில் ஓடி வந்து என் சேலையைப் பிடித்து இழுத்து, நாக்கை மடித்துக் காட்டி, “வாழைப்பழம், டீச்சர்!” என்றான். அப்புறம் கால்சட்டைப் பையிலிருந்து நசுங்கிப்போன கொடுக்காப்புளி ஒன்றை எடுத்து நீட்டினான். கரும்பலகையில் அரைமணி நேரம் எழுதியும் வராத கூட்டல், புளியங்கொட்டையைக் கையில் கொடுத்ததும் வந்துவிடுகிறது, அதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். கடைசி நாளில் ஒரு பிள்ளை, “நாளைக்கும் வருவியள்லா டீச்சர்?” என்று கேட்டாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அழுதுவிட்டேன்.