அந்த விளக்கு மங்கியது எப்படி?

ஒருவரைத் தன் புத்தியையே சந்தேகிக்கவைப்பதைக் குறிக்கும் 'கேஸ்லைட்டிங்' என்ற சொல் இப்போது எல்லார் வாயிலும் புழங்குகிறது. அது எங்கிருந்து வந்தது என்று விளக்குகிறவர்கள் பலர், "மனைவியைப் பைத்தியமாக்குவதற்காகக் கணவன் வேண்டுமென்றே விளக்கைக் குறைப்பான்" என்று எழுதிவிடுகிறார்கள். கதையின் உயிரே அதில் போய்விடுகிறது. (முடிச்சைச் சொல்லப்போகிறேன், 'கேஸ்லைட்' படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

இந்தக் கதைக்கு மூலம் பாட்ரிக் ஹாமில்டன் 1938இல் எழுதிய நாடகம். 1940இல் தோரோல்ட் டிக்கின்சன் அதை பிரிட்டனில் 'கேஸ்லைட்' என்று படமாக்கினார். நாடகம் ஒரே கூடத்தில் நடந்து முடிவது. படமோ கொலையில் தொடங்குகிறது. தையல் வேலை செய்துகொண்டிருக்கும் கிழவியின் கழுத்தை நெரித்துவிட்டு, மாணிக்கக் கற்களுக்காக வீட்டையே கிழித்துப்போடுகிறான் ஒருவன். பல வருடங்கள் கழித்து அதே வீட்டுக்கு ஒரு தம்பதி குடிவருகிறார்கள்.

கணவனாக ஆன்டன் வால்புரூக். பியானோ கச்சேரிக் காட்சி ஒன்று போதும். தன் கடிகாரத்தைக் காணோம் என்று மனைவியின் காதருகே சொல்கிறான். அது அவள் பையிலேயே இருக்கிறது. அத்தனை பேர் நடுவே அவள் உடைந்து அழ, அக்கறையுள்ள கணவன்போல வெளியே அழைத்துப் போகிறான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

1944இல் ஹாலிவுட்டில் இதே கதையை மறுபடி எடுத்தார்கள். இங்க்ரிட் பெர்க்மனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அவர் நடிப்பில் குறையே இல்லை. ஆனாலும் எனக்கு 84 நிமிடத்தில் முடியும் இந்தப் பழைய படம்தான் பெரிது. ஊளைச்சதையே கிடையாது.

சரி, விளக்குக்கு வருகிறேன். அந்தக் காலத்து வீடுகளில் எல்லா விளக்குக்கும் ஒரே கேஸ் குழாய். ஓர் அறையில் புதிதாக விளக்கு ஏற்றினால், அழுத்தம் குறைந்து மற்ற விளக்குகள் மங்கும். அந்தப் பழைய கொலைகாரன்தான் இந்தக் கணவன். வெளியே போகிறேன் என்று கிளம்புகிறவன், பூட்டிக் கிடக்கும் மேல்மாடிக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து அன்று கிடைக்காத கற்களைத் தேட விளக்கேற்றுகிறான். கீழே மனைவியின் அறை இருள்கிறது. சுவரிலிருந்த படத்தை மறைத்துவைத்து அவள்மேல் பழிபோடுவது அவன் திட்டம். விளக்கு மங்குவது அவன் திட்டத்தில் இல்லவே இல்லை. அவனை அறியாமல் அவன் விட்ட தடயம் அது. அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான், பார்த்ததும் உண்மைதான்.

அதனால்தான் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ரஃப் அவள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் இடம் என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குகிறது. மேலே காலடிச் சத்தம் கேட்கிறது, விளக்கு மங்குகிறது என்று வீட்டில் யாரிடமும் சொல்லப் பயந்து கிடந்தவள் சொல்கிறாள். அவர் சிரிக்கவில்லை. நம்புகிறார்.