கட்டடம் நின்றால் மட்டும் போதுமா?

ஒரு ஆர்க்கிடெக்ட்டின் பெயர் நிலைக்க அவர் கட்டியது இடியாமல் இருந்தால் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ருமேனியாவின் பெண் ஆர்க்கிடெக்ட் ஹென்ரியெட்டா டெலாவ்ரான்ச்சா-ஜிபோரியைப் பற்றிப் படிக்கப் படிக்க இது இன்னும் உறுதியாகிறது.

1897இல் புக்கரெஸ்டில் பிறந்தவர். அப்பா பார்பு டெலாவ்ரான்ச்சா பேர்பெற்ற எழுத்தாளர், வழக்கறிஞர், அந்த நகரத்தின் மேயராகவும் இருந்தவர். அக்கா செல்லா நாடறிந்த பியானோ கலைஞர். செல்வாக்கான குடும்பம்தான், ஆனாலும் வழி நேராக இல்லை. கட்டடக்கலைப் பள்ளியில் பெண்களைப் பார்ப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் சேர்ந்தார், முதல் உலகப்போரில் படிப்பு நின்றது, 1920களில்தான் அதை முடிக்க முடிந்தது.

அவரது மிகச் சிறந்த வேலை கருங்கடல் ஓரத்து பால்ச்சிக்கில் இருக்கிறது. வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்புப் பாறைச் சரிவு, கீழே கடல். 1913 பால்கன் போருக்குப் பின் ருமேனியாவின் கைக்கு வந்த ஊர் இது. ராணி மேரி அங்கே ஒரு மாளிகை கட்டிக்கொண்டார், ஓவியர்களும் பணக்காரர்களும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். 1930களில் ஹென்ரியெட்டா அங்கே பல வீடுகள் கட்டினார். அந்த ஊரின் பழைய துருக்கியக் காலத்து வீடுகளை அவர் எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார் என்பது படங்களைப் பார்த்தாலே தெரியும்: கீழே கல் சுவர், மேலே வெள்ளையடித்த மாடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், ஓட்டுக்கூரை, சரிவோடு சரிவாக இறங்கும் திண்ணைகள். அதே சமயம் அலங்காரம் எதுவும் ஒட்டாத, சுத்தமான நவீன வடிவம். பழையதை நகலெடுக்காமல் அதனிடம் பாடம் மட்டும் கேட்டுக்கொண்ட இந்தப் பக்குவம் அன்றைய ஐரோப்பாவின் பெரிய பெயர்கள் பலரிடமே கிடையாது என்பேன்.

அப்புறம் 1940 வந்தது. கிரயோவா ஒப்பந்தத்தில் அந்தப் பகுதி பல்கேரியாவுக்குத் திரும்பிப் போனது, ருமேனியர்கள் வடக்கே கிளம்ப வேண்டியதாயிற்று. 1938இல் இறந்த ராணி மேரியின் இதயத்தை பால்ச்சிக் தேவாலயத்தில் ஒரு பேழையில் வைத்திருந்தார்கள், அதைக்கூட எடுத்துக்கொண்டு பிரான் ஊருக்குப் போய்விட்டார்கள். வீட்டை எடுத்துப் போக முடியாதே. வீடு அங்கேயே நின்றது, நாடு மாறியது, சொந்தக்காரர்களும் மாறினார்கள். புதிதாகக் குடிவந்தவருக்கு, புதிய அரசுக்கு, இதை வரைந்த ருமேனியப் பெண் யார் என்று தேட என்ன அவசியம்? ஒரு சுவர் தன்னை யார் வரைந்தது என்று சொல்லாது. டிராயிங்கின் ஓரத்தில் போட்ட கையெழுத்து சொல்லும், வீட்டுக்காரருக்கு எழுதிய கடிதம் சொல்லும், கொத்தனாருக்குப் பணம் கொடுத்த சீட்டு சொல்லும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஹென்ரியெட்டா மருத்துவமனைக் கட்டடங்களில் வேலை செய்தார், 1987 வரை வாழ்ந்தார். அவர் வாழ்க்கையின் இந்தப் பகுதியை எல்லோரும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் தனி அலுவலகங்கள் போய், வேலை முழுக்க அரசு வடிவமைப்பு நிறுவனங்களுக்குள் நடந்தது. பல பெண்கள் ஆர்க்கிடெக்ட் ஆனார்கள், ஆனால் வெளியே தெரிவது நிறுவனத்தின் பெயர்தான். உலகம் அறிந்த ருமேனியப் பெண் ஆர்க்கிடெக்ட் என்றால் சர்வாதிகாரி சவுஷெஸ்குவின் பிரம்மாண்ட மாளிகைக்குத் தலைமை தாங்கிய ஆன்கா பெட்ரெஸ்கு ஒருவர்தான். அவருக்குக் கீழே சுமார் 700 ஆர்க்கிடெக்ட்டுகள் வேலை செய்தார்கள். படிக்கட்டை வரைந்தது யார், கதவை வரைந்தது யார் என்பதற்கு அந்தத் தாள்களை விட்டால் வேறு சாட்சி இல்லை.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் மில்கா பிளிஸ்னாகோவ். 1927இல் பல்கேரியாவின் வார்னாவில் பிறந்தவர், பால்ச்சிக்கிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். பின்னாளில் அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பெண் ஆர்க்கிடெக்ட்டுகள் இறந்ததும் அவர்களது காகிதங்கள் குப்பைக்குப் போவதைப் பார்த்து 1985இல் அங்கேயே, கட்டடக்கலைத் துறையில் பெண்களுக்கான சர்வதேச ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். அங்கே யார் பெரியவர், யார் முதலில் வந்தவர் என்று பார்த்துப் பார்த்து மட்டும் சேர்ப்பதில்லை, பள்ளிக்கூடமும் குடியிருப்பும் வரைந்து ஓய்வுபெற்ற சாதாரண வாழ்க்கைக்கும் இடம் உண்டு. எனக்கு அதுதான் பிடிக்கிறது. ‘முதல் பெண்’ என்ற பட்டத்துக்கு மட்டும் அலமாரி ஒதுக்கினால், இரண்டாவதாக வந்தவரும் இருநூறாவதாக வந்தவரும் எங்கே போவார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காப்பகத்துக்குக் கொடுக்கும்போது குடும்பத்தார் அழகான வண்ணப்படங்களை எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தைக் கழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கழிவுநீர்க் குழாய் போகும் வழியை வரைந்த தாள், திருத்திக் கிறுக்கிய பிரதி, சம்பளம் குறைவு என்று எழுதிய கடிதம், இவற்றில்தான் ஒரு பெண் அந்த அலுவலகத்தில் உண்மையில் என்ன செய்தார், யாருடைய பெயரில் அது வெளியே போனது என்பதெல்லாம் இருக்கும்.

ருமேனியாவிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. அரசு வடிவமைப்பு நிறுவனங்களின் பழைய டிராயிங்குகளை எடுத்து, ஒவ்வொரு தாளிலும் ‘வரைந்தவர்’ கட்டத்தில் இருக்கும் பெயரைப் படித்துப் பட்டியல் போட்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைக்க வேண்டும். அந்தத் தாள்களை வரைந்தவர்களில் சிலராவது உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.